பரம் வீர் சக்கரம் வாங்காத மகனுக்கு

வினோத்,

விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நகர ஆரம்பித்ததும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கடைசியாகச் சொன்னது இதுதான்: "யம்மா, அந்த பேனர் கதைய யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காத." உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவோடு சண்டை போடாதே என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாமல் விட்டுப் போகிறாயே, அந்த ரேவதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு பேனர்தான் பெரிதாகப் போயிற்று. அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் படித்துச் சிரித்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டுவிடுவாய். இது பெட்டிக்குள் கிடக்க வேண்டிய கதை இல்லை.

அன்றைக்கு நான் அழவில்லை, கவனித்தாயா? ரேவதியும் அழவில்லை. உன் அப்பாதான் டீ வாங்கி வருகிறேன் என்று போய், கடைக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திவிட்டு, டீயை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். "டீ எங்க மாமா?" என்று கேட்டாள் ரேவதி. "கூட்டமா இருக்குதும்மா" என்றார். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தோம். பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிட்டு இப்படிச் சிரிக்கிறார்களே என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். நாற்பத்து மூன்று வயதில் மாமியார் ஆகிவிட்டவள் நான். பாதி ஆயுள் மிச்சமிருக்கிறது, அதை அழுது கழிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

கல்யாண வாரத்தில் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். புதுச்சேரியில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் காலை ஷிப்ட் முடிந்து வேனில் வந்துகொண்டிருந்தேன். கண்டமங்கலம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து நம் ஊருக்குத் திரும்புகிற முனையில் ஒரு பேனர். பஸ் ஸ்டாப் கூரையைவிட உயரம். அதில் ராணுவ உடுப்போடு நீ. உன் படத்தைச் சுற்றி சாமந்திப்பூ மாலை. கீழே ஒரு குத்துவிளக்கு, எரிகிற சுடரோடு. மாலை போட்டு விளக்கு வைத்த படத்துக்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு. வேனில் இருந்த பெண்களுக்கும் அதே அர்த்தம்தான் தெரியும். "ஐயோ அக்கா, அது உங்க வினோத்து இல்ல?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். காலையில்தான் உனக்கு இட்லி வைத்துவிட்டு வந்திருந்தேன். நீ ரேவதிக்குப் புடவை எடுக்க பைக்கில் திண்டிவனம் போவதாகச் சொல்லியிருந்தாய். திண்டிவனம் ரோடு எப்படிப்பட்ட ரோடு என்று எனக்குத் தெரியும். வேன் நிற்பதற்கு முன்னாலேயே குதித்துவிட்டேன். எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை. உனக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா?"

"டேய், உசுரோட இருக்கியாடா?"

"இருக்கேன். ஏன்?"

அந்த "ஏன்" இருக்கிறதே, அதற்காகவே உன்னை அன்றைக்கு நடுரோட்டில் அடித்திருப்பேன். பின்னால் கடைக்காரர் "இந்த மெரூன் பாருங்க தம்பி" என்பதும், "மெரூன் வேணாங்க, பச்சையில என்னா இருக்குது?" என்று ரேவதி கேட்பதும் காதில் விழுந்தது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேனில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி என்னைச் சுற்றி நின்று, பையன் புடவைக் கடையில் இருக்கிறான் என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் பேனரைப் படித்தேன். "நாட்டின் மிக உயர்ந்த வீர விருதாம் பரம் வீர் சக்கரம் வென்ற எங்கள் சிங்கமே! திருமண வாழ்வில் அடியெடுத்து வைக்கும் உன்னை வாழ்த்தும் நண்பர்கள்." அதற்குக் கீழே காலனிப் பையன்கள் அத்தனை பேரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரையும்விடப் பெரிய படம், உன் கூட்டாளி மணியுடையது.

விழுப்புரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்து பம்பு செட்டில் குளித்துக்கொண்டிருந்தான் மணி. என்னைப் பார்த்ததும் சோப்பு நுரையோடு பல்லைக் காட்டினான். "பேனர் எப்பிடி இருக்குது அத்த? கண்ணுல தண்ணி வந்திருக்குமே?"

"வந்துச்சுடா. கொஞ்சம் கிட்ட வா."

நான் செருப்பைக் கழற்றியதும்தான் அவனுக்கு ஏதோ தப்பு என்று உறைத்தது. பம்பு செட்டை இரண்டு சுற்று ஓடினான். "அத்த, மாலை நான் போடல அத்த! கடையில இருக்கற அக்கா போட்டுச்சு! ஹீரோன்னா மாலை போடுவாங்கன்னு நானும் உட்டுட்டேன்!" சரி, மாலை போகட்டும், பரம் வீர் சக்கரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவன் நின்றுவிட்டான். "என்னா அத்த, உனக்குத் தெரியாதா? நெஞ்சுல குத்திக்கினு இருந்தானே, மெடலு. என்னா மெடலு மச்சான்னு கேட்டேன். பரம் வீர் சக்கரம்டான்னு அவனேதான் சொன்னான்."

நீ விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாய். அது விளையாட்டு என்று கண்டுபிடிக்க, கேட்கிறவனுக்கு அந்த விருது என்னவென்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எட்டாம் வகுப்போடு மூட்டை தூக்கப் போனவன். நீ ஒன்று சொன்னால் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது. இதை உனக்கு புத்திமதியாகவே சொல்கிறேன்: உன்னை அப்படியே நம்புகிறவனிடம் கிண்டல் பண்ணாதே. கிண்டலை உன்னைப்போல நாலு விஷயம் தெரிந்தவனிடம் வைத்துக்கொள்.

மறுநாள் மணியையும் இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் அந்த பேனர் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ரேவதி வயதுதான் இருக்கும். சண்டை போடத்தான் போனேன். "ஏம்மா, கல்யாண பேனர்ல மாலையும் வெளக்கும் வப்பியா?" என்று ஆரம்பித்தேன். அவள் பதறவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "பரம் வீர் சக்கரம்னு போட்டுத் தேடினேன்கா. நீங்களே பாருங்க. வந்த படம் முக்காவாசி மாலையோட இருக்குது. அந்த அவார்டுக்கு அப்பிடித்தான் போடணும்போலன்னு நெனச்சிக்கினேன்."

பார்த்தேன். சாமந்தி, ரோஜா, சந்தன மாலைகளுக்கு நடுவே வரிசையாக முகங்கள். அதில் ஒருவனுக்கு உன் மாதிரியே சரியாக வளராத மீசை. ஒரு படத்தில் நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் ஒரு அம்மாள், குடியரசுத் தலைவர் கையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டு நின்றாள். பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்ன வெண்கல வட்டம், ஊதா ரிப்பன், அவ்வளவுதான் என்று அந்தப் பெண்தான் படித்துச் சொன்னாள். எதிரிக்கு முன்னால் நின்று, உயிரைப் பெரிதாக நினைக்காமல் செய்த காரியத்துக்கு இந்த நாடு கொடுக்கிற மிகப் பெரிய மரியாதை அது. அதை வாங்கியவர்களில் பாதிக்கு மேல் உயிரோடு வாங்கவில்லை. அந்தக் கடைப் பெண் போட்ட மாலை தப்பே இல்லை, வினோத். மணி போட்ட பெயர்தான் தப்பு. சண்டை போடப் போனவள், அந்த அம்மாளின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கவில்லை அவள். கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருந்தாள். அவர்கள் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. அந்தப் பெட்டி எனக்கு வேண்டாம். நீ மிலிட்டரி லாரியை ஓட்டிக்கொண்டு, சப்பாத்தி சரியில்லை என்று போனில் புலம்பிக்கொண்டு இருந்தால் போதும்.

பேனரை அன்றைக்கே இறக்கிவிட்டோம். ஆனால் அதற்குள் சேதி ஊருக்குள் ஏறிவிட்டது. யார் யாரோ படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் ஊரிலிருந்து பழைய பஞ்சாயத்துத் தலைவர் நம் காலனிக்கு வந்தார். ஓட்டு கேட்கிற காலம் தவிர வேறு எப்போதும் வராதவர். நம் வீட்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். உன் அப்பா நின்றுகொண்டே இருந்தார். நான் இன்னொரு சேரை எடுத்துப் போட்டு, "உக்காருய்யா, நம்ம வீடுதான்" என்றேன். அவர் பாதி சேரில் உட்கார்ந்தார்.

"நம்ம ஊருக்கே பெருமை" என்றார் தலைவர். "இந்தியாவுலயே பெரிய அவார்டு. ஊர்க்காரங்க எல்லாரும் கலந்து பேசிட்டோம். பெண் அழைப்பு ஊர்வலம் ஊர்த் தெரு வழியாவே வரட்டும். எங்க வூட்டு பொம்பளைங்களே ஆரத்தி எடுப்பாங்க."

மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு வர இரண்டு வழி என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊர்த் தெரு வழியாக நேராக வரலாம். அல்லது ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வரலாம். நம் கல்யாணமோ சாவோ எதுவானாலும் ஏரிக்கரைதான். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. யாரும் எழுதி வைக்கவும் தேவையில்லை, அவ்வளவு நன்றாக எல்லாருக்கும் தெரியும். நான் கல்யாணமாகி வந்த அன்று மழை. ஏரிக்கரை சேற்றில் டிராக்டர் மாட்டிக்கொண்டது. பட்டுப் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். உன் அப்பா சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தார். பக்கத்தில், ஒரு கல் எறிகிற தூரத்தில், சிமென்ட் போட்ட தெரு காய்ந்து கிடந்தது. ஏன் அதில் போகவில்லை என்று கேட்டேன். "அது அப்பிடித்தான்" என்றார். அந்த பதிலோடு நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன். ஆனால் அதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை.

உனக்கு நினைவிருக்கும், நீ ப்ளஸ் ஒன் படிக்கும்போது திருவிழா கிரிக்கெட். ஊர் டீமில் பந்து போட ஆள் இல்லை என்று வீடு தேடி வந்து உன்னைக் கூட்டிப் போனார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து டீமை நீ ஒருத்தனே சுருட்டினாய். கப்போடு டிராக்டரில் ஊர்வலம் வந்தார்கள். தெரு முனை வந்ததும், "வினோத்து, நீ இங்க எறங்கிக்க, வூடு கிட்டதானே" என்றார்கள். நீ இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து வந்தாய். "ஜெயிச்சிட்டோம்மா" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாய். நான்தான் சோற்றுக் குண்டானை ஓங்கி வைத்தேன். அடுத்த வருஷம் அவர்கள் கூப்பிட வந்தபோது நீ கால் சுளுக்கு என்று சொல்லிவிட்டாய். அந்தக் கால் சுளுக்கில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஆகவே தலைவர் எழுந்து போனதும் நம் வீட்டில் நடந்த கூட்டத்தில் நான் சொன்னதை மறைக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் சொன்னேன். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார், ஆனால் அவருக்குக் காரணம் பயம். எனக்குக் காரணம் கோபம். "வூடு கிட்டதானே" என்று எத்தனை வருஷமாக நம்மிடம் பொய் சொன்னவர்கள், ஒரு நாள் நம் பொய்யைக் கேட்கட்டுமே என்று நினைத்தேன். அதற்காக வெட்கப்படவில்லை. நீ தரையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமலேயே சொன்னாய்: "அந்த மெடலு பேரச் சொல்லிக்கினு என்னால ஆட முடியாதும்மா. நாங்க அங்க அந்தப் பேர எப்பிடிச் சொல்லுவோம்னு உனக்குத் தெரியாது. செத்தவங்க பேரு அது. நான் குத்தியிருக்கறது பனிமலையில வேல பாத்த எல்லாருக்கும் குடுக்கறது. சமையக்காரருக்கும் குடுத்தாங்க."

"சமையக்காரருக்கும் ஆரத்தி எடுக்கட்டுமே!" என்றார் அப்பா.

ரேவதிக்குப் போன் போட்டாய். ஸ்பீக்கரில் போட்டாய், நல்லவேளை. அவள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை. திண்டிவனத்தில் அவள் வேலை பார்க்கிற லேப் முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு சொன்னாள்: "அத்த, தெரு வழியா வர்றேன். எனக்கொண்ணும் இல்ல. ஆனா இவருக்கு மெடலு இருக்குதுன்னு வுட்டாங்கன்னா, மெடலு இல்லாத மணி அண்ணன் கல்யாணத்துக்கு என்னா பண்றது? மறுபடியும் ஏரிக்கரையா?"

நான் யோசிக்காத கேள்வி அது. நான் கோபக்காரி, ஆனால் உன் ஒருத்தனுக்காகத்தான் கோபப்பட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தப் பெண் இன்னும் நம் ஊரில் காலே வைக்கவில்லை, நம் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கேட்டாள். நீ அவளை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேள், அது போதும்.

நீயும் நானும் தலைவர் வீட்டுக்குப் போனோம். கேட் வரைக்கும்தான். அவர் வெளியே வந்தார். நீ கையைக் கட்டாமல், நேராக நின்று சொன்னாய்: "ஐயா, எனக்கு பரம் வீர் சக்கரம் கிடைக்கலங்க. பசங்க தெரியாம போட்டுட்டாங்க. நான் லாரி ஓட்றவன்." அவர் கோபப்படுவார், தெரு கிடையாது என்பார், நான் பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று தயாராக வந்திருந்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"தம்பி, யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க, உங்ககிட்டதான் மொதல்ல."

"சொல்லாத! பேஜாராப் போயிடும். விழுப்புரத்துல பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் பத்திரிக வச்சிட்டேன். முனையில எங்க பசங்களும் பேனர் வச்சிட்டாங்க, நீ பாக்கலியா? இப்ப போயி இல்லன்னா, சுத்துப்பட்டுல எவன் மதிப்பான்? ஊர்வலம் அது பாட்டுக்கு நடக்கட்டும். விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "ஊர்வலம் தெரு வழியாவே வரும்ங்க" என்றாய். "ஆனா பொய் சொல்லிக்கினு வராது." அவருக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. திரும்பி வரும்போது முனையில் பார்த்தோம். நாம் பேனரை இறக்கின அதே இடத்தில் ஊர்ப் பையன்கள் வைத்த பேனர். "மண்ணின் மைந்தன்" என்று எழுதி, உன் படத்தைச் சின்னதாகவும், அவர்கள் படத்தைப் பெரிதாகவும் போட்டிருந்தார்கள். அன்றைக்கு உன்னை டிராக்டரிலிருந்து இறக்கிவிட்டவர்கள்தான் அதில் பாதிப் பேர்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், திண்டிவனத்திலிருந்து பெண் வீட்டு வேன் வந்து முனையில் நின்றது. ரேவதி பச்சைப் புடவையில் இறங்கினாள். உன்னையும் அவளையும் ஜீப்பில் உட்கார வைத்தோம். நீ உடுப்பும் போடவில்லை, மெடலும் குத்தவில்லை. வேட்டி சட்டை. பம்பை அடிக்கிறவர்கள் முன்னால். மணி அவர்களுக்கும் முன்னால், ஒரு வாரம் சோறு தின்னாதவனுக்குச் சாமி வந்த மாதிரி ஆடிக்கொண்டு. ஜீப் இடதுபுறம் ஏரிக்கரைக்குத் திரும்பாமல் நேராகத் தெருவுக்குள் நுழைந்தபோது உன் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. வாசலெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பாதித் தெரு வந்ததும், கோயிலுக்கு முன்னால் தலைவர் வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். அப்போதுதான் நீ பம்பை செட்டுக்காரரிடம் மைக்கை வாங்கினாய்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு நிமிஷம் கேளுங்க. நான் பரம் வீர் சக்கரம் வாங்கலங்க. அத வாங்கினவங்க வேற. அவங்க கால் தூசிக்குக்கூட நான் வர மாட்டேன். நான் மிலிட்டரியில லாரி ஓட்றேன். காலனி வினோத்து. உங்க டீமுக்கு பவுலிங் போட்டவன். எனக்குக் கல்யாணம். அதான் இந்த வழியா வந்தேன்."

பம்பை நின்றுவிட்டது. தலைவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வராத போனுக்கு "சொல்லுங்க, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே சந்துக்குள் போய்விட்டார். யாரோ ஒருத்தன், "அப்ப எதுக்குடா பேனரு?" என்று கத்தினான். இன்னொருத்தன் பைக்கை முறுக்கினான். பின்னால் நம் ஆட்கள், முன்னால் அவர்கள், நடுவில் திண்டிவனத்திலிருந்து முதல் தடவை வந்திருக்கிற ஒரு பெண். ஜீப்பை ரிவர்ஸ் எடுக்கலாமா என்று டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அது தைரியமா பயமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அப்போது ஆரத்தித் தட்டு வைத்திருந்த தலைவர் வீட்டம்மா கத்தினார்கள்: "அடியேய், கற்பூரம் கைய சுடுதுடி! சுத்தறதா வேணாமா, ஜல்தி சொல்லித் தொலைங்க!"

ரேவதி ஜீப்பிலிருந்து குனிந்து, "சுத்துங்க அத்த" என்றாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றினார்கள். பொட்டு வைத்தார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலை வாயில் வைத்து ஊதினார்கள். அடுத்த நொடி பம்பை அடித்த அடியில் கோயில் மாடப் புறாவெல்லாம் பறந்தது. நான் ஆடினேன். நீ பார்த்தாய். உன் அப்பா என் முழங்கையை விடாமலே அவரும் ஆடினார். அன்றைக்கு ராத்திரி அந்த அம்மாவை வீட்டில் திட்டினார்களாம். "பொண்ணு லட்சணமா இருந்துச்சு, சுத்தினேன். இப்ப என்னா?" என்றார்களாம். அவர்களிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டும்.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் எழுத மாட்டேன். அடுத்த நாள் உன் கல்யாணச் சாப்பாட்டுக்குத் தெருவிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதிலும் பாதிப் பேர் தாம்பூலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். "மிலிட்டரிக்காரன்னு வுட்டோம்" என்று டீக்கடையில் பேச்சு ஓடியது. மெடல் இல்லை என்றானதும் மிலிட்டரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் அவர்களால் நம்மை அந்தத் தெருவில் பார்க்க முடியாது. ரேவதி கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு பதில் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. உனக்குப் போனில் சொல்லவில்லை, எழுதத்தான் வைத்திருந்தேன். மணியின் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் மணிதான் மெயின் ரோட்டு முனையிலிருந்து காலனிக்கு ஊர்வலமாகச் சீர் கொண்டு வர வேண்டும். காலையில் நம் வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "எந்த வழியா போறது அத்த?"

"ஏண்டா, என்னையக் கேக்கற?"

"இல்ல, வினோத்து மிலிட்டரி. நான் மூட்ட தூக்கறவன்."

"மூட்ட தூக்கறவனுக்குத்தான் கிட்ட வழி வேணும். வெயில் அடிக்குது, சீரு கனக்கும். நேரா போ."

ரேவதி அன்று திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள். அவளும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டாள். வளையல், புடவை, வாழைப்பழம், லட்டு, எல்லாம் பெண்கள் கையில். பண்ருட்டியிலிருந்து வாங்கின ஒரு பெரிய பலாப்பழம் மணியின் தலையில். பேனர் இல்லை, மைக் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. பட்டப்பகலில் பம்பையோடு தெருவுக்குள் போனோம். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், பைக்கைக் குறுக்கே போட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். உன் கூட கிரிக்கெட் ஆடியவன்தான்.

"யார்ரா கேட்டு வந்தீங்க?" என்றான்.

பம்பை நிற்கவில்லை, ஆனால் சத்தம் குறைந்தது. நான் முன்னால் போகலாம் என்று காலை எடுத்தேன். ரேவதி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். மணி அவனுக்கு நேராகப் போய் நின்றான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. முறைக்கவும் இல்லை, குழையவும் இல்லை.

"அண்ணே, வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டுங்க. பலாப்பழம் கனக்குது."

அவன் உட்கார்ந்தே இருந்தான். மணி நின்றே இருந்தான். வியர்வை மணியின் மூக்கு நுனியில் வந்து சொட்டியது. பைக்கில் இருந்தவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாத மாதிரி. பிறகு காலால் உந்தி பைக்கைப் பின்னால் தள்ளினான். கொஞ்சம்தான். ஒரு ஆள் பலாப்பழத்தோடு போகிற அளவு. மணி போனான். அவன் பின்னால் ரேவதி போனாள், அவள் பின்னால் நான், என் பின்னால் காலனி முழுக்க.

உன் அம்மா